வாஸ் சாரின் சுவிட்ச் போர்டு

போன வாரம் எங்கள் ஆபீசில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்கும் மேலே பச்சையாக ஒரு இலை, இலைக்குக் கீழே 'எழுந்து போகிறீர்களா? சுவிட்சை நிறுத்தினீர்களா?' என்று ஒரு கேள்வி. ஒட்ட வந்தது அட்மினில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். மதியம் சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் மிஷின், ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும், சும்மா நிற்கிற மிஷினும் கரண்டைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும் என்று எனக்குப் பொறுமையாக வகுப்பெடுத்தாள். நல்ல மாணவனாகத் தலையாட்டினேன். அவள் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வெளியூர்லேருந்து தகவல் வர்ற மிஷினையும் நிறுத்தணுமாம்மா?"

"அப்படி ஒரு மிஷின் இப்ப எங்க சார் இருக்கு? எல்லாம் போன்லதான வருது" என்றாள் அவள்.

அதுவும் சரிதான். ஆனால் சொன்ன கையோடு ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திக் காட்டினாள் பாருங்கள், அப்போது அதிலிருந்து ஒரு வாடை வந்தது. சூடான காகிதமும் லேசாகக் கருகின தூசியும் கலந்த வாடை. நான் இருபத்தைந்து வருஷம் பின்னால் போய் விழுந்தேன். தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் மாடிப்படி, படியேறினால் வாஸ் சாரின் ஆபீஸ், அங்கே மேஜை மேல் ஒரு பேக்ஸ் மிஷின். அந்தப் பேக்ஸ் ரோலின் வாடைதான் இது.

வாஸ் சார் கப்பலுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட். பம்பாயில் இருக்கிற கம்பெனிக்கு இஞ்சின் ரூமில் எண்ணெய் துடைக்க ஒரு ஆள், டெக்கில் பெயிண்ட் அடிக்க ஒரு ஆள் என்று வேண்டியிருந்தால் பேக்ஸ் அனுப்புவார்கள். மணப்பாடு, வேம்பார், இன்னும் கடற்கரை முழுக்க இருக்கிற பையன்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பேக்ஸ் வந்ததும் வாஸ் சார் ஒரு விரலை நீட்டுவார். நீட்டிய விரலுக்கு நேரே இருந்தவன் கப்பலுக்குப் போவான். நான் அங்கே கிளார்க். சாத்தான்குளம் பக்கத்துப் பனங்காட்டுக்காரன், கப்பலைக் காலண்டரில் மட்டுமே பார்த்து வளர்ந்தவன். மீசைகூட ஒழுங்காக முளைக்காத என்னை, என்னைவிட மூத்த ஆட்கள் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் எல்லாம் அண்ணாச்சிதான். வெட்கமே இல்லாமல் நானும் அதை ரசித்தேன்.

வாஸ் சாருக்குக் கரண்ட் செலவாவது பொறுக்காது. சிக்கனம் என்று சொன்னால் சிக்கனத்துக்குக் கேவலம். நாம் நாற்காலியை விட்டு எழுந்தால், பாத்ரூமுக்கே என்றாலும், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். டைப் அடிக்கும் ஜெசிந்தா அக்கா பைல் அட்டையால் விசிறிக்கொண்டே ஒரு கையால் டைப் அடிக்கப் பழகியிருந்தார். வெளியே போய்விட்டு வந்தால் வாஸ் சார் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைப் போல. சூடாக இருந்தால் தொலைந்தோம். அவருடைய அறையில் ஒரு ஏசி இருந்தது. பம்பாய்க்காரர்கள் வந்தால் மட்டும் போடுவார். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அதற்குள் அணில் குடித்தனம் நடத்தியது. ஊரில் கரண்ட் கட் ஆனால் எல்லோரும் மின்சார வாரியத்தைத் திட்டுவார்கள். வாஸ் சாருக்கோ முகம் மலர்ந்துவிடும். "கவர்மென்டே நம்ம பக்கம்லா" என்பார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன், கல்யாண வீடுகளில், இலை போடும் வரைக்கும். பெஞ்சைப் பற்றி மட்டும் சொன்னதில்லை.

பெஞ்சு கிடந்தது மேற்குச் சுவரை ஒட்டி. மதியத்துக்கு மேல் அந்தச் சுவரைத் தொட முடியாது. தூத்துக்குடி வெயில் உங்களுக்குத் தெரியாது என்றால் எப்படிச் சொல்வது, உப்பளத்திலிருந்து வருகிற காற்று சட்டையை உடம்போடு ஒட்டி வைத்துவிடும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பெஞ்சுக்கு மேலே ஒரு மின்விசிறி இருந்தது. நான் வேலை பார்த்த காலம் முழுவதும், ஒரே ஒரு தடவையைத் தவிர, அது ஓடி நான் பார்க்கவில்லை. கேட்டால் வாஸ் சார் கைவசம் பதில் வைத்திருந்தார்.

"ஏலே, இந்தச் சூடு தாங்கலன்னா இஞ்சின் ரூம்ல எப்படிலே நிப்ப? அங்கன இதவிட ரெண்டு மடங்கு கொதிக்கும். இது டிரெய்னிங்னு நினைச்சிக்கோ."

பையன்கள் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? யார் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான், யார் கர்ச்சீப்பால் விசிறுகிறான் என்று சார் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து மனசுக்குள் மார்க் போடுகிறார் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் வேர்வையைத் துடைக்கக்கூட மாட்டார்கள். மூக்கு நுனியிலிருந்து சொட்டும், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சார் உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் செய்தித்தாளில் மரண அறிவிப்பு படித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நான் தைரியமாக, "டிரெய்னிங் நல்லாத்தான் சார் குடுக்கீங்க" என்றேன். என்னைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "டிரெய்னிங்கா? கரண்டு பில்லு உங்கப்பனா கட்டுதான்?" என்றார். அன்றைக்கு எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெளிவாகவே இல்லை.

வேம்பாரிலிருந்து சேவியர் என்று ஒருவன் வருவான். வாய்த்துடுக்கு ஆள், எனக்கு அவனைப் பிடிக்கும். ஒரு சித்திரை மாத மத்தியானம் எழுந்து போய் அந்த விசிறியின் சுவிட்சைத் தட்டிவிட்டான். விசிறி ஒரு சுற்று சுற்றி, இறக்கையில் படிந்திருந்த தூசி முழுவதையும் எல்லோர் தலையிலும் கொட்டியது. வாஸ் சார் வெளியே வந்தார். சத்தம் போடவில்லை. சேவியரைச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, அவனுடைய கையைப் பிடித்து, மொத்த பெஞ்சுக்கும் காட்டினார். "பாத்துக்கிடுங்கலே இந்தக் கைய. கப்பல்ல சீப் இஞ்சினியர் சொல்லாம ஒரு சுவிட்சத் தொட்டா கப்பலே எரிஞ்சிரும். இந்தக் கைய நம்பி அம்பது பேரு கடல்ல கெடப்பானா?" அவனுடைய பைலைக் கொண்டுவரச் சொல்லி மாடிப்படியில் விட்டெறிந்தார். சர்டிபிகேட்டுகள் படி படியாக இறங்கின. சேவியர் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டு கீழே போனான். பெஞ்சில் ஒருவரும் உதவிக்கு எழுந்திருக்கவில்லை. ஒருவன் கழிந்தால் ஒரு இடம் முன்னால் நகரலாம் என்று, நகர்ந்தும் உட்கார்ந்தார்கள். என் கண்ணால் பார்த்தேன்.

அப்படி நகர்ந்து உட்கார்ந்தவர்களில் அமலனும் ஒருவன். மணப்பாட்டுக்காரன். அப்பா கடலோடு போனவர், அம்மா மட்டும். முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தான். புதுசாகக் கப்பலேறுகிறவனுக்கு முப்பது தாண்டினால் பம்பாய்க்காரன் எடுக்கமாட்டான், அதற்கப்புறம் எத்தனை வருஷம் பெஞ்சைத் தேய்த்தாலும் பிரயோஜனம் கிடையாது. அது அமலனுக்கும் தெரியும், வாஸ் சாருக்கும் தெரியும். தெரிந்தே அவனை வீட்டு வேலைக்கு நன்றாகப் பயன்படுத்தினார். மீன் வாங்கி வர, கேஸ் சிலிண்டர் தூக்க, அவருடைய நாயைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அமலன். அவனும் முகம் சுளிக்காமல் செய்வான். நாய்க்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அந்த ஆபீசோடு சம்பந்தப்பட்ட ஜீவன்களில் அவனிடம் மரியாதையாக நடந்துகொண்டது அந்த நாய் ஒன்றுதான்.

ஒரு நாள் வாஸ் சார் விரலை அமலன் பக்கம் நீட்டினார். கொச்சியில் நிற்கும் கப்பலுக்கு இஞ்சின் ரூமில் ஒரு ஆள் வேண்டும், மறுநாள் மதிய வாக்கில் பம்பாயிலிருந்து பேக்ஸ் வரும், 'ஆள் தயார்' என்று உடனே பதில் அனுப்பிவிட்டால் சாயங்காலமே பஸ் ஏறிவிடலாம். "பையோட வந்துருலே" என்றார்.

மணப்பாட்டில் ஒருவன் கப்பலுக்குப் போகிறான் என்றால் அது அந்த வீட்டுக் காரியம் மட்டும் இல்லை, உங்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மேட்டு மேலே கோயிலில் ஜெபம், வீட்டில் ஜெபம், தெருவே கூடி பஸ் வரைக்கும் கொண்டுவந்து விடும். கிழவிகள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அப்படி வழியனுப்பி வைக்கப்பட்டவன் கப்பல் பார்க்காமல் சாயங்காலம் திரும்பி வந்து நின்றான் என்றால் அதைவிடச் செத்துப்போகலாம். பிறகு ஆயுசுக்கும் அவனை ஊர் 'கப்பல்காரன்' என்றே கூப்பிடும், சிரித்துக்கொண்டே. அங்கே அது பெயராகிவிடும், பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அமலன் காலையிலேயே வந்துவிட்டான். புதுச் சட்டை, புதுப் பை, நெற்றியில் எத்தனை கட்டைவிரல் பட்டதோ, எண்ணெய் மினுங்கியது. அம்மா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை ஆபீசுக்கென்று மேஜையில் வைத்தான். எனக்கு அன்று துறைமுகத்தில் வேலை, கப்பலிலிருந்து இறங்குகிற ரெண்டு பேருக்குப் பாஸ் வாங்க வேண்டும். கிளம்பும்போது, "அமலா, அடுத்த தடவ பாக்கும்போது எனக்கு ஒரு பாரின் சென்ட்" என்றேன். "ரெண்டா கொண்டாரேன் அண்ணாச்சி" என்றான்.

நான் திரும்பி வரும்போது வெயில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஆபீஸ் இருட்டாகக் கிடந்தது. ஜெசிந்தா அக்கா சாப்பிடப் போயிருந்தார், வாஸ் சார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உறக்கத்தில் இருந்தார், பெஞ்சுப் பையன்கள் டீக்கடையில். அமலன் மட்டும் பெஞ்சில், மடியில் பையோடு. புதுச் சட்டை முழுக்க நனைந்து நிறம் மாறியிருந்தது.

"அண்ணாச்சி, அந்த மிஷின்ல லைட்டு எரியல" என்றான்.

திரும்பி மேஜையைப் பார்த்தேன். பேக்ஸ் மிஷினும் போனும் ஒரே லைன். போன் கார்ட்லெஸ் போன், அதுவும் கரண்டில் ஓடுவது. இரண்டும் ஒரே சுவிட்சில். அது நிறுத்திக் கிடந்தது.

"எப்பலேருந்துலே?"

"சார் சாப்பிடப் போகும்போது அணைச்சிட்டுப் போனாவ."

"நீ போட வேண்டியதுதான?"

"எந்திரிச்சுப் போயி பக்கத்துல நின்னும் பாத்தேன் அண்ணாச்சி. ரெண்டு தடவ நின்னேன். பொறவு சேவியர நினைச்சேன். வந்து உக்காந்துட்டேன்."

பெஞ்சிலிருந்து நாலு எட்டில்தான் அந்தச் சுவிட்ச். போய்க் கையைத் தூக்கினால் எட்டும். நான் போய்த் தட்டினேன். மிஷின் ஒரு விசில் அடித்து உயிர் பெற்றது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மணியடித்தது, காகிதம் மெதுவாக வெளியே வந்தது, இந்த வாடையோடு. பலமுறை முயன்றும் உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் இல்லை, கொச்சி ஏஜென்ட் மூலமாக ஆள் எடுத்துக்கொண்டோம், சிரமத்துக்கு வருந்துகிறோம். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவன், "திருப்பிச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். திருப்பிச் சொன்னேன்.

வாஸ் சார் வந்தார், தலையணை அச்சு கன்னத்தில் இருந்தது. காகிதத்தை வாங்கிப் படித்தார். ஒரு நிமிஷம் அந்த ஆள் திகைத்து நின்றதை நான் பார்த்தேன், அதனால்தான் அடுத்து அவர் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குள் டீக்கடையிலிருந்து பெஞ்சு முழுக்கத் திரும்பிவிட்டது, ஜெசிந்தா அக்காவும் வந்துவிட்டார். ஆட்களைப் பார்த்ததும் சாருக்குத் தெம்பு வந்தது.

"ஏலே, உனக்குக் கையில்லையா?"

அமலன் எழுந்து நின்றான்.

"மிஷின் அணைஞ்சி கெடக்குன்னு பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டும் சும்மா உக்காந்துருந்தியா? இதுதாம்லே உனக்கு நான் வச்ச டெஸ்டு. வேணும்னேதான் அணைச்சிட்டுப் போனேன். புத்தியுள்ளவன் எந்திரிச்சிப் போட்டுருப்பான். ஒரு சுவிட்சப் போடத் தெரியாத பய, நீ இஞ்சின் ரூம்ல போயி என்னத்தலே கிழிக்கப் போற?"

பெஞ்சு சிரித்தது. சார் சொன்னால் சிரித்துத்தான் ஆக வேண்டும் என்பதற்காகச் சிரித்த சிரிப்பு இல்லை அது, நன்றாகவே சிரித்தார்கள். ஒரு போட்டியாள் குறைந்தான். இனி அவனுக்கு வயது தாண்டிவிடும். ஜெசிந்தா அக்காகூடப் பைல் அட்டைக்குப் பின்னால் சிரித்தார். வாஸ் சார் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்து, "வெல்லம் கொஞ்சம் தூக்கல்" என்றார். நான் வாயைத் திறந்து, "சார், தெனமும் நீங்கதான அணைச்சிட்டு..." என்று ஆரம்பித்தேன். "உனக்கும் டெஸ்டு வைக்கணுமாலே?" என்றார். மறு மாசம் என்னையும் அனுப்பிவிட்டார், காரணம் வேறு சொன்னார். அது எனக்கு நல்லதாகவே முடிந்தது.

அமலன் ஊருக்குப் போகவில்லை. எஸ்டிடி பூத்திலிருந்து ஊர்க் கடைக்குப் போன் பண்ணி, கொச்சிக்கு வந்துவிட்டேன், கப்பல் ஏறப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னானாம். அம்மா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். மகன் நடுக்கடலில் இருக்கிறான் என்று அவள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தபோது அவன் தூத்துக்குடியிலேயே, உப்பு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். எத்தனை நாள் மறைக்க முடியும்? ஊர்க்காரன் ஒருவன் கண்ணில் பட்டான். அப்புறம் கேட்க வேண்டுமா, மணப்பாடு வரைக்கும் ஓடி ஓடிச் சிரித்தார்கள். அம்மா இறந்தபோது போனவன் கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிட்டான், வீட்டு வாசல் மிதிக்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை, அந்த மாடியையே இடித்துவிட்டார்கள், செல்போன் கவர் விற்கிறார்கள். வாஸ் சார் போய்ச் சேர்ந்துவிட்டார், பேப்பரில் மரண அறிவிப்பு வந்தது. பேக்ஸ் மிஷினைப் பற்றி அட்மின் பெண்ணுக்கு விளக்கவே எனக்கு ஒரு டீ நேரம் பிடிக்கும். கப்பலுக்குப் போகிற பையன்கள் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எவனுடைய சுவிட்சையும் நம்பி இல்லை.

ஸ்டிக்கர் ஒட்டின மறுநாள் துறைமுக ரோட்டில் எடை மேடைக்குப் பக்கத்து டீக்கடையில் அமலனைப் பார்த்தேன். அவ்வப்போது பார்ப்பதுதான். தலை முழுக்க வெளுத்துவிட்டது, உப்பில் வெடித்த கை. பழையதை நாங்கள் பேசுவதில்லை. அன்று என்னவோ அவனே எடுத்தான்.

"வாஸ் சார் சொன்னது சரிதான் அண்ணாச்சி. எனக்குப் புத்தி பத்தல. டெஸ்டுல தோத்துட்டேன். யோசிச்சிப் பாத்தா நியாயமான டெஸ்டுதான் அது."

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் இதையா சுமந்துகொண்டிருக்கிறான் என்று கோபம் வந்தது, வாஸ் சார் மேல், செத்தவர் மேல். "டெஸ்டும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லலே" என்றேன். "அந்த ஆளு தெனமும் சாப்பிடப் போகும்போது எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தான் போவாரு. அன்னைக்கும் அப்படித்தான். பேக்ஸ் வரும்னு மறந்தே போயிட்டாரு. கரண்டு பில்லுக்காவ அணைச்சது அமலா. வேற ஒண்ணும் கெடையாது."

அவன் கிளாசைக் கீழே வைத்தான்.

"சும்மா இருங்க அண்ணாச்சி."

"சத்தியமாச் சொல்லுதேன். நான் கூட இருந்தவன்லா."

"கரண்டு பில்லுக்காவவா?" என்றான். "எங்கம்மா மொகத்துல முழிக்காம கெடந்தது, கரண்டு பில்லுக்காவவா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இல்லை என்று சொல்லுவேன் என்று காத்திருந்தான் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து, டீயை அப்படியே வைத்துவிட்டு, லாரிகளுக்கு நடுவில் போய்விட்டான். நேற்றும் இன்றும் போய்ப் பார்த்தேன். எடை மேடைப் பக்கம் ஆளைக் காணவில்லை, வேலைக்கு வரவில்லை என்றார்கள். வாஸ் சார் ஒரு பரீட்சை வைத்தார் என்று நம்புவதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தான். இப்போது அவனும் இல்லை.